அப்பாவுக்கு என்ன பிடிக்கும்

பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன பிறகு அப்பாவிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான். ஆமா. குளிருதா என்றால் ஆமா. புழுங்குதா என்றால் அதற்கும் ஆமா. ஒருநாள் அண்ணன் பொறுக்க மாட்டாமல், "நான் யாருன்னு தெரியுதாப்பா? பக்கத்து வீட்டுக்காரன்தானே நான்?" என்று கேட்டுப் பார்த்தான். அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வெகு நிதானமாக, "ஆமா" என்றார். அண்ணன் சிரித்தான். பிறகு வராந்தாவுக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வந்தான்.

கேட்பது அவருக்குப் புரியவும் செய்யலாம், புரியாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். உள்ளே நினைப்பது ஒன்றாக இருக்கும், வாய்க்கு வருவது இந்த ஒன்றாகத்தான் இருக்கும், தலையாட்டலையும் நம்ப முடியாது என்றார்.

பேச்சு இருந்த காலத்திலும் அப்பா அதை வாரி இறைத்தவர் இல்லை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஆயுசில் பாதியை மாடிக் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் கம்பிக் கயிறுகளோடு கழித்தவர். வீட்டுக்கு வந்தால் அம்மா தட்டை வைப்பாள், அவர் சாப்பிடுவார், தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்து போவார். அம்மா பிறகு உட்கார்ந்து ஒரு வாய் வைத்ததும்தான் சத்தம் கேட்கும். "ஏங்க, உப்பே போடலையே நானு. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" உள்ளேயிருந்து பதில் வரும். "இருக்கட்டும்."

அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அப்பா மூன்றாம் மாடி வீட்டில் தனியாக இருந்தார். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓடவைத்தவர் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட பிறகு அவரை அந்தப் படிகளில் யார் தூக்கி ஏற்றுவது? அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன். காலையில் ஆரம்பித்தால் இருட்டும்வரை யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவன் உயிரை வாங்கிக்கொண்டிருப்பார். தங்கை, வீட்டில் சின்னவள், ஒரு துணிக்கடையின் பின்கட்டில் உட்கார்ந்து ரெடிமேட் உடுப்புகளை அளவுக்குப் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறவள். இரண்டு பேரும் கூடிப் பேசி, மனசே இல்லாமல், அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். சின்னவளின் கடையிலிருந்து நடந்தே போய்விடலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இல்லம் மோசம் என்று சொல்ல முடியாது. படுக்கை சுத்தமாக இருந்தது, ஆட்கள் முகம் சுளிக்கவில்லை. அப்போதுதான் ஒரு டயட்டீஷியன் புதிதாக வந்திருந்தாள். சின்ன வயசு, நடையில் ஒரு துடிப்பு. அதுவரை அங்கே என்ன வருகிறதோ அதுதான் சாப்பாடு. இவள் வந்ததும் ஒவ்வொரு கட்டிலாகப் போய் உட்கார்ந்து என்ன பிடிக்கும், என்ன ஆகாது என்று கேட்க ஆரம்பித்தாள். அப்பாவிடமும் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஆமா. முட்டை, மீன், காய் என்று படங்களைப் பரப்பிக் காட்டினாள். அவர் நல்ல கைக்கு எது பக்கமோ அதைத் தொட்டார். இடம் மாற்றி வைத்தாள். அப்போதும் அதே மூலையைத்தான் தொட்டார். அவள் சளைக்கவில்லை. பிள்ளைகளை வரச் சொன்னாள்.

"படுத்த படுக்கையா இருந்தாலும் பிடிச்சதைச் சாப்பிடற உரிமை இருக்குங்க" என்றாள். "அவரால சொல்ல முடியல. அதனால நீங்க சொல்லுங்க. அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?"

இது என்ன பிரமாதமான கேள்வி என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"முட்டை" என்றான் அண்ணன்.

"மீன்" என்றாள் சின்னவள்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் லைசென்ஸ் எடுத்த அன்னைக்கு என்னை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு" என்றான் அண்ணன். "முட்டையும் ரொட்டியும். அவரே கேட்டு வாங்கினாரு. ஆளுக்கொரு தட்டு."

"உனக்குப் பிடிக்கும்னு வாங்கியிருப்பாரு. வீட்ல மீன் செய்யற அன்னைக்குப் பாத்திருக்கியா நீ? முள்ளெல்லாம் எடுத்துட்டு, தன் தட்டுல இருக்கற துண்டை என் தட்டுல வெப்பாரு."

"அதான் கேக்கறேன் பாப்பா. பிடிச்சிருந்தா அவரே சாப்பிட்டிருப்பாரே. ஆகாமத்தான் உன் பக்கம் தள்ளினாரோ என்னமோ."

அவன் குத்தலாகச் சொல்லவில்லை. வாதத்துக்குச் சொன்னான். ஆனால் சின்னவளுக்கு யாரோ பளாரென்று அறைந்தது போலிருந்தது. சின்ன வயசிலிருந்து அந்த மீன் துண்டை அவள் அப்பாவின் பிரியமென்றே நினைத்திருந்தாள். வேறு கோணமும் அதற்கு இருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"சண்டை வேணாம். ரெண்டையும் கொடுத்துப் பாப்போம்" என்றாள் டயட்டீஷியன்.

எதைக் கொடுத்தாலும் மசித்துத்தான் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு விழுங்கும் சக்தி பாதிதான் இருந்தது. தண்ணீரைக்கூட மாவு போட்டுக் கூழாக்கித்தான் புகட்டினார்கள். மதிய இடைவேளையில் சின்னவள் கடையிலிருந்து ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேரும்போது சாப்பாட்டுக் கூடத்தில் சக்கர நாற்காலிகள் மேஜைகளைச் சுற்றி நிற்கும். கழுத்தில் துண்டு கட்டி எல்லாரும் பரிமாறும் வண்டி வரும் திசையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்பாவின் கிண்ணத்தில் வெள்ளையாய் ஒரு உருண்டை, பச்சையாய் ஒன்று, ஆரஞ்சு நிறத்தில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் எது எது என்று தெரியாது. கண்ணைத் திறந்துகொண்டு சாப்பிட்டால் சாப்பிடவே தோன்றாது.

அதே மேஜையில் எதிரே உட்காருகிறவர் டிக்கெட் அம்மா. சினிமா தியேட்டர் கவுண்ட்டரில் காலம் தள்ளியவர். இடுப்பெலும்பு முறிந்து வந்தவருக்கு நடைதான் போனதே தவிர நாக்கு அப்படியே இருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். டீ ஆவி பறக்கச் சூடாக வேண்டும். டயட்டீஷியனும் அதை மதித்து, அவர் இடத்தில் 'சூடான டீ' என்று அச்சடித்து ஓர் அட்டை வைத்துவிட்டாள். ஆனால் முன்பு யாரோ கையில் கொட்டிச் சுட்டுக்கொண்டதிலிருந்து ஆறவைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது இல்லத்தின் கட்டளை. அட்டைக்கும் கட்டளைக்கும் நடுவில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"பாத்தியா" என்பார் சின்னவளிடம். "எழுத்து மட்டும் கொதிக்குது."

சின்னவள் மனசு கேட்காமல் ஒருநாள் ஃபிளாஸ்க்கில் சூடாக டீ கொண்டுபோனாள். டிக்கெட் அம்மா ஒரு மடக்குக் குடித்துக் கண்ணை மூடினார். மூடிய கண்ணைத் திறப்பதற்குள் பணிப்பெண் வந்து கோப்பையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. தெரிந்தால் அவள் வேலை போய்விடும்.

முதலில் மீன் வந்தது. சின்னவள் தன் கையாலேயே ஊட்டினாள். அப்பா வாயைத் திறந்தார். இரண்டாவது கரண்டிக்கு அவர் கண்களில் நீர் திரண்டு கன்னத்தில் இறங்கியது. சின்னவள், "பாருங்க மேடம்" என்று டயட்டீஷியனைக் கூப்பிட்டாள். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலம் சின்னவள் அண்ணனுக்கு ஃபோன் போட்டு, "நான் சொன்னேன்ல" என்றாள். அவன், "சரி, நீ சொன்னதுதான் சரி" என்று விட்டுக்கொடுத்தான். அதன்பிறகு தினமும் மதியம் அப்பாவுக்கு மீன்தான். பணிப்பெண்களுக்கும் அது பாடமாகிவிட்டது. "மீன்காரத் தாத்தாவுக்கு மீன்" என்று சொல்லிக்கொண்டே வைப்பார்கள்.

ஆனால் அப்பா இளைத்துக்கொண்டே போனார். சட்டையின் கழுத்தில் இப்போது இன்னொரு கழுத்து நுழையலாம். சின்னவள் சட்டைகளைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நாளில் அவையும் தொளதொளத்தன.

"ஏம்மா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே?" என்று ஆரம்பித்தார் டிக்கெட் அம்மா. "நீ ஊட்டறப்போ அவரு விழுங்கறதில்ல. கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்கறாரு. நீ எழுந்து போனதும் துண்டுல துப்பறாரு. தினமும் பாக்கறேன்."

"நான் இருக்கறப்போ சாப்பிடற மாதிரிதானே இருக்காரு?"

"நீ இருக்கறப்போ அப்படித்தான்."

சின்னவள் அப்பாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, மீன் பிடிக்கலையா உங்களுக்கு?"

"ஆமா."

கேள்வியைத் திருப்பிப் போட்டு, "மீன் பிடிச்சிருக்கா?" என்றாள்.

"ஆமா."

அவர் அவள் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். இரண்டு முறையும் ஒரே குரலில், ஒரே முகத்தோடு சொன்னார். அந்த முகத்தை அவள் தேடு தேடென்று தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

மீன் நின்று முட்டை வந்தது. அண்ணன் வகுப்பை ரத்து செய்துவிட்டு, கூரையில் பலகை மாட்டிய பயிற்சி வண்டியிலேயே வந்து இறங்கி, முட்டையை வெண்ணெய் போட்டு மசிக்கச் சொல்லித் தானே ஊட்டினான். அதுவும் கன்னத்தில் ஒதுங்கியது. உருளைக்கிழங்கு, பயறு, கேரட், கஞ்சி, பழம் என்று வரிசையாக வந்து வரிசையாகப் போயின. ஒவ்வொன்றுக்கும் டயட்டீஷியன், "இது பிடிச்சிருக்கும்போல இருக்கே" என்று நம்பிக்கையோடு ஆரம்பித்து, இரண்டு நாளில் வாயைத் திறக்காமல் போய்விடுவாள். பாவம், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

சின்னவள் அப்பாவோடு கடைசிவரை வேலை பார்த்தவரைத் தேடிப் பிடித்தாள். அப்பா மேலே மோட்டார் அறையில் இருந்தால் கீழே குழியில் நிற்கிறவர் அவர்தான். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். கேள்வியைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

"உங்கம்மா கொடுத்து விட்டதைச் சாப்பிடுவாரும்மா."

"அது தெரியும். விரும்பிச் சாப்பிட்டது ஏதாச்சும்?"

"டப்பாவத் திறந்ததும் பாதியை எனக்குத் தள்ளிட்டு, என்னுதுல பாதியை எடுத்துக்குவாரு. தினமும் அப்படித்தான்."

"உங்க வீட்டுச் சாப்பாடு பிடிச்சு எடுத்துக்குவாரா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே மனசைக் குடைந்து யோசித்தார். "என்னுதுல சில நாள் ஒண்ணுமே இருக்காதும்மா. வெறும் ரொட்டி இருக்கும். அதுக்காகவும் மாத்திக்கிட்டிருக்கலாம். எனக்கே இப்ப நீ கேக்கறப்போதான் தோணுது. இத்தனை வருஷத்துல ஒருநாளும் கேக்கலையே நான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குத் தேறுதல் சொல்லிவிட்டுச் சின்னவள் திரும்பினாள்.

அதற்குப் பிறகு அப்பா வாயைத் திறப்பதையே நிறுத்தினார். கரண்டி உதட்டருகே வந்ததும் உதடு இறுகிக்கொள்ளும். "சாப்பிடறீங்களாப்பா?" என்றால், "ஆமா" என்பார். அந்த ஆமாவுக்குத் திறந்த வாய் உடனே மூடிக்கொள்ளும். பணிப்பெண் ஒருத்தி அந்த ஆமாவின் நடுவில் கரண்டியை நுழைக்கப் பார்த்தாள். டயட்டீஷியன் அதைக் கண்டு முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். மூடுகிற வாயைத் திறக்க வைக்கக் கூடாது என்றாள்.

டாக்டர் குழாயைப் பற்றிப் பேசினார். மூக்கு வழியாக வயிற்றுக்கு. பிடித்தது பிடிக்காதது என்ற கேள்வியே இல்லை, நேரே உள்ளே போய்விடும் என்றார். அண்ணனும் தங்கையும் வராந்தாவில் நின்று பேசினார்கள். கோபம் வந்தால் அண்ணனின் வலது கால் தரையை அழுத்தும். பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் போட்டுப் போட்டு வந்த பழக்கம்.

"பட்டினி போட்டுக் கொல்லச் சொல்றியா?" என்றான். கால் அழுந்தியது.

"வாயை மூடறாரே அண்ணா. அவரா சொல்றது இப்போ அது ஒண்ணுதானே."

"அது சொல்றதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? பசிக்குதுன்னு சொல்லத் தெரியாம மூடறாரோ என்னமோ."

உள்ளே போய் அப்பாவிடமே கேட்டார்கள். குழாய் போடவா என்றான் அண்ணன். ஆமா. குழாய் வேண்டாமா என்றாள் அவள். ஆமா. அதன்பிறகு யாருக்கும் யாரையும் பார்க்கத் தெம்பில்லை. கடைசியில் அண்ணன்தான் குழாய்க்குச் சரி என்றான். அவள் மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம் என்று பின்னால் நினைத்தாள். மறுத்திருந்தால் மறுத்திருக்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அப்பா குழாயைப் பிடுங்கினார். மறுபடி போட்டார்கள், மறுபடி பிடுங்கினார். மூன்றாம் முறை, நல்ல கைக்குத் தடித்த பஞ்சுறை மாட்டி மணிக்கட்டில் கட்டிவிட்டார்கள். மதியம் வந்த சின்னவள் அதைப் பார்த்தாள். எத்தனையோ லிஃப்ட்டுகளின் பல்சக்கரத்துக்கு எண்ணெய் போட்ட கை, மடியில் ஒரு வெள்ளைப் பந்தாகக் கிடந்தது. அவள் முடிச்சை அவிழ்த்தாள். அவர் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவசரமே இல்லாமல் மூக்கருகே கையைக் கொண்டுபோய்க் குழாயை உருவினார். அவள் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வந்து திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் பஞ்சுறையைக் கையில் எடுத்துப் பார்த்தான். அதற்குள் தன் கையை நுழைத்துப் பார்த்தான். "சரி, விட்டுடலாம்" என்றான்.

அதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு ஏற்பட்டது. வேளைக்கு வேளை தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். வேணுமா என்று கேட்பார்கள். வாய் திறந்தால் ஊட்டுவது, திறக்காவிட்டால் எடுத்துக்கொண்டு போவது. டயட்டீஷியன் அதைக் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்தாள். தட்டு வரும், ஆமா கேட்கும், தட்டு போகும். உதட்டில் மட்டும் ஈரப் பஞ்சை ஒற்றினார்கள்.

நடுவில் ஒருநாள், பக்கத்து மேஜைக்கு வந்த கிண்ணம் தவறி அப்பாவிடம் வந்துவிட்டது. மசித்த பூசணி. பணிப்பெண் கவனிக்காமல் கரண்டியை நீட்ட, அவர் வாயைத் திறந்தார். விழுங்கினார். மறுபடி திறந்தார். கிண்ணம் காலியாகிவிட்டது. டிக்கெட் அம்மா, "சாப்பிட்டுட்டாரு, முழுசும் சாப்பிட்டுட்டாரு" என்று மேஜையைத் தட்டிக் கூடத்தையே கூட்டிவிட்டார். சின்னவள் வந்தபோது அப்பாவின் வாயோரத்தில் ஆரஞ்சு நிறம் ஒட்டியிருந்தது. அவள் அங்கேயே நின்றுகொண்டு அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் காற்றாய்ப் பறந்து வந்தான். கற்றுக்கொள்ள வந்தவரையும் பின்சீட்டில் வைத்துக்கொண்டே வந்துவிட்டான். சமையலறைக்குப் போய் அதில் என்ன போட்டார்கள் என்று கேட்டான். பூசணி, உப்பு, கொஞ்சம் பால். வேறொன்றும் இல்லை. "பூசணியா?" என்றான், நம்ப முடியாமல். அந்த வீட்டில் பூசணி எப்போதாவது சமைத்தார்களா என்றுகூட இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

அடுத்த நாள் பூசணி வந்தது. அதே கிண்ணம், அதே பணிப்பெண், அதே உப்பு. அண்ணனும் தங்கையும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். டயட்டீஷியன் வேறு வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"பூசணி சாப்பிடலாமாப்பா?"

"ஆமா" என்றார் அப்பா. உதடு மூடிக்கொண்டது. அதன்பிறகு எதற்கும் திறக்கவில்லை.

ஒரு பிற்பகலில், சின்னவள் யாருடைய கால்சட்டையையோ நீளம் குறைத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்து, தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு, நாற்காலியில் இருந்தபடியே போய்விட்டார். டயட்டீஷியன் வாசல்வரை வந்து, "என்னால கண்டுபிடிக்க முடியலைங்க" என்றாள். அண்ணன் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான். அவளால் நேரே பார்க்க முடியவில்லை.

எல்லாம் முடிந்து மூன்றாம் மாடி வீட்டைக் காலி செய்த அன்று, சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு, அண்ணனும் தங்கையும் தெருமுனைக் கடையில் உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து இரண்டு பேரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அண்ணன் கடைக்காரரிடம் இரண்டு விரலைக் காட்டினான். வெண்ணெய் தடவிய பன் ஆளுக்கொன்று வந்தது.

"அண்ணா, எனக்கு வெண்ணெய் பிடிக்காது."

அவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். "எப்போலேர்ந்து?"

"எப்பவுமே பிடிக்காது."

அவன் எழுந்து கடைக்காரரிடம் போய், வெண்ணெய் இல்லாமல் ஒன்று வேண்டும் என்று கேட்டான். எல்லாம் காலையிலேயே தடவி வைத்தது, இப்போது இதுதான் இருக்கிறது என்றார் அவர். அண்ணன் திரும்பி வந்து, ஒரு கரண்டியை எடுத்து, அவள் பன்னில் இருந்த வெண்ணெயை வழித்துப் போட ஆரம்பித்தான். அது ரொட்டிக்குள் ஊறிப்போயிருந்தது.

"விடுண்ணா, பரவால்ல" என்றாள். வாங்கிச் சாப்பிட்டாள்.